பார்க்க மட்டும் அனுமதி

சாவி அக்காவுக்கு அந்த வேலை போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிவரை மூடிவைத்துச் சொன்னால் கேட்பவர்கள் அவளுக்காக உச்சுக்கொட்டுவார்கள். யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வேலைதானே போச்சு, விரலா போச்சு?" என்பாள். அப்படிக் கேட்க அவளுக்குக் காரணம் உண்டு.

அட்டைப்பெட்டி செய்யும் ஆலை அது. கீழே நான்கு பெரிய மெஷின்கள், மாடியில் கண்ணாடித் தடுப்பு வைத்த அலுவலகம். கண்ணாடியில் அட்டைத் தூசி ஏறி ஏறி, மேலிருந்து பார்த்தால் கீழே வேலை செய்பவர்கள் மங்கலாகத்தான் தெரிவார்கள். மாடியில் ஐந்து கம்ப்யூட்டர், வாசல் கதவருகே ஒன்று. ஆறும் திறப்பது ஒரே டேட்டாபேஸை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் விடுப்பு, எந்த மெஷின் எப்போது பழுதானது, யார் சரிசெய்தார்கள், எல்லாம் அதில்தான். அதைக் கட்டியவள் அவள். டைப் அடிக்கத்தான் வந்தாள். தலையணை தடிமனில் ஒரு புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்து, பதினோரு வருஷத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கட்டினாள். யார் எதைப் பார்க்கலாம், யார் எதில் எழுதலாம், யார் எதை மாற்றலாம் என்று தீர்மானிப்பவளும் அவளே. பாஸ்வேர்டு மறந்தவர்கள் அவள் மேஜை முன்னால் வந்து நின்று தலையைச் சொறிய வேண்டும்.

"மறுபடியுமா?" என்பாள்.

"நாலே நாலு எண்தான்க்கா. எப்படியோ மறந்துடுது."

"சாப்பாட்டு மணியை மறந்தியா என்னைக்காவது?"

திட்டிக்கொண்டே புது எண் போட்டுக் கொடுப்பாள். சாவி அக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவளிடம் இரண்டு விஷயத்தில் மட்டும் யாருடைய பருப்பும் வேகாது. ஒருவர் பெயரில் இன்னொருவர் உள்ளே போகக் கூடாது. ஒருமுறை எழுதிச் சேமித்ததை யாரும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதியிருந்தால் கீழே புதிதாக ஒரு வரி எழுதி, திருத்தம் என்று போட்டு, காரணமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுதியவர் பெயரும் நேரமும் தானாக விழும். மேனேஜருக்கு? அவருக்குப் பார்க்க மட்டும் அனுமதி. வந்த புதிதில் அவர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"நான் மேனேஜர்மா."

"அதனாலதான் சார். நீங்க மேல்பார்வை பார்க்கிறவர். வேலையைச் செய்றவங்கதான் எழுதணும்."

புகழ்கிறாளா, குத்துகிறாளா என்று தெரியாமல் அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. இதற்கு முன் ஒரு மருந்துக் கிடங்கில் இருந்தாள். அங்கே ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே லாகின், அதுவும் அவள் பெயரில். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒருநாள் காலாவதியான மருந்துக்கு எவரோ தேதியை மாற்றிவிட்டார். மாற்றியவர் என்று திரையில் நின்றது அவள் பெயர். அன்று அவள் வேலைக்கே வரவில்லை. அதைச் சொல்லியும் பார்த்தாள். "பேரு உன்னோடதுதானே?" என்று ஒரே கேள்வியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்களில்கூட இரண்டு பேர் "ஏதோ இருக்கப் போய்த்தானே..." என்று இழுத்தார்கள். வேலை போனதைவிட அந்த இழுப்புதான் அவளை அறுத்தது. தன் பெயரில் இன்னொருத்தன் கை வைக்க விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தாள்.

ஆனாலும் ஆலையில் முதல் வருஷம் அவளே ஒரு கூத்து பண்ணினாள். இந்த வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது பண்ணுகிற கூத்துதான். ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்து, தனித்தனியாகப் பாஸ்வேர்டு போட்டு, பூட்டியாகிவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். டேட்டாபேஸில் "எல்லோரும்" என்று ஒரு குழு தானாகவே இருக்கும். பெயர் சேர்த்தவுடன் ஒவ்வொருவரும் அதிலும் சேர்ந்துவிடுவார்கள். அந்தக் குழுவுக்குச் சகல அனுமதியும் இருந்ததை அவள் பார்க்கவே இல்லை. மூன்று மாதம் எல்லாம் பூட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் திறந்தே கிடந்தது. வருகை பதிய வந்த காவலாளி எதையோ தொட்டு ஒரு மாதத்து விடுப்புப் பதிவையே துடைத்துப்போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து "எல்லோரும்" குழுவுக்கு வருகை பதிவதைத் தவிர வேறு ஒரு அனுமதியும் கிடையாது. தினம் காலையில் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பாள்.

விபத்து நடந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். இரண்டாம் மெஷினில் அட்டை வெட்டுகிறவளை எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுவார்கள். மெஷின் இரைச்சலையும் மீறி அவள் பேச்சு மாடிக்கு வரும். அன்று மாடிக்கு வந்தது அலறல். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

வெட்டுக்கத்திக்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு இருக்கும். அது இருந்தால் கை உள்ளே போகாது. மெஷின் பழுது பார்க்கும் கிரீஸ் தம்பி தன் பெயரில் டேட்டாபேஸுக்குள் போய் செவ்வாய்க்கிழமையே எழுதியிருந்தான்: "இரண்டாம் மெஷின். மறைப்புத் தகடு உடைந்துவிட்டது, கழற்றினேன். புதுத் தகடு வரும்வரை மெஷினை நிறுத்தச் சொன்னேன். மேனேஜர் ஓட்டச் சொன்னார்." அடுத்த வரி வெள்ளிக்கிழமை: "புதுத் தகடு பொருத்தினேன்." இரண்டுக்கும் நடுவில்தான் வாயாடியின் வியாழன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆலையில் வேறு கதை நடமாடியது. தகடு இருந்ததாம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவளே கழற்றினாளாம். பேசிக்கொண்டே கையை விட்டாளாம். திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார். அவர் இந்தக் கதையை எழுதிக்கொண்டு போனால், தன் விரலைத் தானே வெட்டிக்கொண்டவள் என்று வாயாடி மேல் பழி நிற்கும். வைத்தியச் செலவும் கிடைக்காது, வேறு எந்த ஆலையும் அவளைச் சேர்க்காது.

சனிக்கிழமை காலை மேனேஜர் சாவி அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குரலில் என்றுமில்லாத குழைவு.

"செவ்வாய்க்கிழமை பதிவுல தேவையில்லாம ஏதோ எழுதியிருக்கான்மா. அதை எடுத்துடு. புதுத் தகடு புதன்கிழமையே போட்டாச்சுன்னு மாத்திடு. ரெண்டு நிமிஷ வேலை."

"முடியாது சார்."

"உன்னால முடியும்னு எனக்குத் தெரியும். நீதானே அட்மின்?"

"என்னால முடியும். செய்யமாட்டேன்னு சொல்றேன்."

அவர் குழைவை மடித்து வைத்தார். "அப்போ பாஸ்வேர்டைக் குடு. நானே பண்ணிக்கிறேன்."

"என்னோடது எதுக்கு சார்? உங்க பேர்லயே மாத்துற அனுமதி போட்டுத் தர்றேன். இப்பவே தர்றேன். என்ன வேணும்னாலும் மாத்திக்கோங்க. மாத்தினது நீங்கன்னு ஓரத்துல விழும், மணியோட."

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"என் பேர்ல எதுக்கு?" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மருந்துக் கிடங்கில் தன்னை ஒரே கேள்வியில் அனுப்பியவன் முகமும் இந்த முகமும் ஒன்றாகவே தெரிந்தன. "அதையேதான் சார் நானும் கேட்கிறேன். என் பேர்ல எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் கிரீஸ் தம்பி காத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அவர் சொல்றபடி மாத்திக் குடுத்துடுக்கா. நான் எழுதவே இல்லைன்னு சொல்லிக்கிறேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"உனக்கு ரெண்டு பிள்ளை. அவளுக்கு ரெண்டு விரல் கம்மி. போய் வேலையைப் பாரு."

சொன்ன வேகத்தில் அவளுக்கே உறுத்தியது. பயந்தவனை மிரட்டுவது ஒரு வீரமா? ஆனால் திரும்பக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லவும் அவளுக்கு வரவில்லை.

மத்தியானம் மேனேஜர் வெளியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார். நல்ல மனுஷர்தான். அவள் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சுத்தமா கட்டியிருக்கீங்கம்மா. ஆனா உங்களுக்கே தெரியுமே, இந்த மாதிரி டேட்டாபேஸ் பூட்டை உடைக்கிறதுக்கு ஒரு சின்ன புரோகிராம் போதும். இப்போ கையில இல்ல. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவர்றேன், பத்து நிமிஷத்துல திறந்துடும்."

அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஃபைலை ஒரு பிரதி எடுத்து, பூட்டை உடைத்து, வரியை மாற்றி, திரும்ப வைத்துவிட்டால் முடிந்தது. பதினோரு வருஷக் காவல் பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை வாயாடியைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனாள். மாடியில் ஒற்றை அறை. கொடியில் காய்ந்த துணியை வாயாடி இடது கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. அறை அத்தனை அமைதியாக இருந்தது; அவள் இருக்கும் இடத்தில் அமைதியைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"நான் தகட்டைக் கழட்டலைக்கா," என்றாள். "திங்கட்கிழமை வரைக்கும் தகடு நல்லாத்தான் இருந்தது. மறுநாள் இல்ல. கேட்டதுக்கு ஓட்டுன்னாங்க. நீயாவது நம்புறியா?"

"நம்புறதுக்கு என்ன இருக்கு? எழுதியே இருக்கு. தேதியோட, மணியோட."

வாயாடி நிமிர்ந்தாள். "எங்க?"

"டேட்டாபேஸ்ல."

"தினமும் வாசல்ல நம்பர் போடுறேனே, அதுலயா? அப்போ நான் பார்க்கலாமா?"

பார்க்க முடியாது. மெஷின் பராமரிப்புப் பக்கத்தைப் பார்க்க மேனேஜருக்கு அனுமதி உண்டு. அந்த மெஷினுக்குள் தினமும் கை நீட்டுகிறவளுக்குக் கிடையாது. இதைத் தீர்மானித்தது முதலாளி இல்லை, மேனேஜர் இல்லை. சாவி அக்காவேதான் தீர்மானித்தாள், பதினோரு வருஷம் பெருமையாகக் காத்தும் வந்தாள். வியாழக்கிழமை காலையில் வாயாடி அந்த வரியைப் படித்திருந்தால் மெஷினைத் தொட்டிருப்பாளா? இந்தக் கேள்வியோடு அவள் வீடு திரும்பினாள். வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. அவளுக்கு எதுவும் கடைசியில் கோபமாகத்தான் மாறும்.

வீட்டில் பேருந்து ஓட்டும் கணவர், வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறையைக் கட்டிலில் கழித்துக்கொண்டிருந்தார். கதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து ஆய்வாளர் கையில குடுத்துடேன்."

"குடுத்தா? இது இவளே அடிச்சதுன்னு மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னா போதும். ஒரு ஆள் கையில இருக்கிற பேப்பருக்கு என்ன மரியாதைங்க?"

"அப்போ எத்தனை ஆள் கையில இருக்கணும்கிற?"

அவள் அவரையே பார்த்தாள். அவருக்கு அந்தப் பார்வை பழக்கம். "வேலை போயிடும்," என்றார்.

"போகட்டும்."

"சரி, போகட்டும். காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும்?"

திங்கட்கிழமை முதல் ஷிஃப்டுக்கு முன்பே போய், வாசல் கம்ப்யூட்டரில் தன் பெயரிலேயே உள்ளே நுழைந்தாள். பயனர்கள், குழுக்கள், அனுமதிகள். "எல்லோரும்" என்ற வரிக்கு வந்தாள். மெஷின் பராமரிப்புப் பக்கம்: எழுதுவது, இல்லை. மாற்றுவது, இல்லை. அழிப்பது, இல்லை. பார்ப்பது என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். வருகை பதிந்தவுடன் அந்தப் பக்கம் தானாகத் திறக்கும்படியும் செய்தாள். நூற்று நாற்பது பேருக்கு ஒரே டிக். பயமே இல்லை என்று பிற்பாடு சொன்னாள், கொஞ்சம் பயம்தான்.

ஆறு மணிக்கு வரிசை வந்தது. முதல் ஆள் நம்பர் போட்டான், நின்றான். பின்னால் இருந்தவன் தள்ளினான். "இருடா, படிச்சிட்டு வர்றேன்." அடுத்தவள் படித்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பக்கத்து ஆளுக்காகச் சத்தமாகவும் படித்தாள். வரிசை தெருவரை நீண்டது. தம் மெஷினுக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் ஒவ்வொருவரும் தேடினார்கள். நான்காம் மெஷின்காரர் அன்று மெஷினை ஓட்டவில்லை. பிரேக் தேய்ந்துவிட்டது என்று மூன்று வாரமாக எழுதிக் கிடந்ததாம். கிரீஸ் தம்பியிடம் ஆளாளுக்கு வந்து, "நீதான் எழுதினியா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். எழுதவே இல்லை என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இனி இடமில்லை. ஆனால் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். படியேறுவதற்குள் விஷயம் காதுக்குப் போய்விட்டது.

"யாரைக் கேட்டு அதைத் திறந்து விட்டே?"

"யாரையும் கேட்கலை சார். திறந்தது நான்தான். என் பேர், மணி எல்லாம் அதுலயே இருக்கு."

"உன் வேலை முடிஞ்சுது. எழுந்து வெளிய போ."

"போறேன். ஆனா என் பேரை எடுத்துட்டுத்தான் போவேன். நான் போன பிறகு என் பேர்ல யாரும் இதுக்குள்ள நுழையக் கூடாது." அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துவிட்டாள். "ஒரு சிக்கல் என்னன்னா, அட்மின் இல்லாம இது இருக்காது. கடைசி அட்மினை அழிக்க விடாது. முதல்ல உங்களைப் போடணும், அப்புறம் என்னை எடுக்கணும். வாங்க சார், உட்காருங்க. உங்க பேரை அடிங்க."

மேனேஜர் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர்காரர் பையோடு உள்ளே வந்தார். அலுவலகமே நின்று பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் புரியவில்லை.

"பூட்டு உடைக்கணுமா சார், வேண்டாமா?" என்றார். "இவங்கதான் தர்றேங்கிறாங்களே. அட்மின் யார் பேர்ல போடட்டும்?"

"பொதுவா ஏதாவது ஒண்ணு போடுங்க."

"பொதுன்னு ஒரு ஆள் இங்க வேலை பார்க்கலை சார்," என்றாள் சாவி அக்கா.

யாரோ சிரித்தார்கள். கம்ப்யூட்டர்காரர் மேனேஜரைப் பார்த்தார், காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். பையின் ஜிப்பை மறுபடி மூடினார். "நீங்க முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பெயரைப் போட ஆளில்லாததால் அன்று அவளை நீக்கவும் முடியவில்லை. ஒரு மாதம் கழித்து வேறு ஏதோ காரணம் எழுதிக் கடிதம் கொடுத்தார்கள். அதற்குள் கிரீஸ் தம்பிக்கும் கணக்கு எழுதும் பெண்ணுக்கும் அட்மின் வேலை முழுவதையும் கற்றுக்கொடுத்து, அவரவர் பெயரைப் போட்டுவிட்டு, தன் பெயரைத் தானே எடுத்துவிட்டுத்தான் வெளியேறினாள்.

அந்தத் திங்கட்கிழமை, சொன்னபடி பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். மேனேஜர் வாசலுக்கே ஓடினார்.

"பராமரிப்புப் பதிவு காட்டுங்க," என்றார் ஆய்வாளர்.

"கம்ப்யூட்டர்ல ஒரு சின்னக் கோளாறு சார். சரியானதும் பிரிண்ட் எடுத்து அனுப்பி வைக்கிறேன். மாடிக்கு வாங்க, முதல்ல..."

"எனக்குத் திறக்கும் சார்."

வாயாடி வாசல் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். கட்டுப்போட்ட கையோடு எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அடித்தாள். நேரமானது. ஆய்வாளர் பொறுமையாக நின்றார். கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் சாவி அக்கா நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். பக்கம் திறந்தது.

ஆய்வாளர் குனிந்து படித்தார். "மெஷினை நிறுத்தச் சொன்னேன். மேனேஜர்..." என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்து, நிமிர்ந்தார். "இதை எழுதினது யாரு?"

மேனேஜர் பின்னால் திரும்பி முறைத்தார். அந்த முறைப்பைத் தாண்டிக்கொண்டு கிரீஸ் தம்பி முன்னால் வந்தான். "நான்தான் சார். என் பேர்லதான் இருக்கு."

ஆய்வாளர் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். வாயாடி அவரைத் தடுத்தாள்.

"இன்னொரு தடவை படிங்க சார்," என்றாள். "முழுசா. சத்தமா."